ஃப்ராவ் மரியதாசனின் டோர்ட்மண்ட் நாட்கள்

நவம்பர், செவ்வாய் இரவு

வந்து சேர்ந்தாச்சு. ஊரில் கேட்கிற ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகச் சொல்லி மாளாது, அதனால் இங்கே எழுதிப் போடுகிறேன், டியூட்டி விட்டு வந்து கண் திறந்திருக்கிற நாட்களில் மட்டும். தெரியாதவர்களுக்கு: குளச்சல் பக்கம் கடலோர ஊர், நாகர்கோவிலில் நர்சிங், சென்னையில் ஐசியு வேலை, அந்த வேலைக்கு நடுவிலேயே முட்டி மோதி ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வு, இப்போது ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரத்தில் ஒரு மருத்துவமனை.

டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் இறங்கினால் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோக ஒரு தொங்கு ரயில் இருக்கிறது, தண்டவாளம் தலைக்கு மேலே, பெட்டி கீழே ஆடிக்கொண்டு போகிறது. அங்கிருந்து டூயிஸ்பர்க், எஸ்ஸன், போஹும், டோர்ட்மண்ட். ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, எல்லாம் பழைய நிலக்கரி ஊர்கள், ஒட்டி ஒட்டி இருக்கின்றன. மாலை நாலரைக்கு இருட்டிவிட்டது. ஊரில் மணி ஒன்பது. அம்மா போனில், "மக்ளே, தின்னாச்சா?" என்றாள். தின்னவில்லை, ஆனால் தின்னாச்சு என்றேன்.

மருத்துவமனையின் பணியாளர் விடுதியில் ஒரு அறை. சமையலறை பொது. பக்கத்து அறையில் கோட்டயத்துச் சேச்சி, எதிரில் மணிலாவிலிருந்து வந்த ஒரு பெண். கட்டில், மேசை, ஹீட்டர். போதும்.

வியாழன்

இன்று நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவு. குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். இது இல்லாமல் வரி எண் வராது, அது வராவிட்டால் சம்பளத்தில் வரியை உச்சக்கட்டத்தில் பிடிப்பார்கள், வங்கிக் கணக்குக்கும் பல இடங்களில் இதே தாளைக் கேட்பார்கள். எல்லாம் ஒரு கண்ணியில் மாட்டியிருக்கிறது.

அங்கே நான் ஃப்ராவ் மரியதாசன், ஃப்ராவ் என்றால் பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறதல்லவா, நம்மூரில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. இங்கே அடுக்குமாடி வீடுகளில் கதவு எண் கிடையாது, தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார், அதனால் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் அப்பாவின் பெயரை ஒட்டியிருக்கிறேன். படம் எடுத்து அனுப்பினேன். கொச்சி பக்கம் தங்கி மீன்பிடிக்கப் போனதைத் தவிர எங்கும் போகாத மனுஷன். "எனக்குத் தபாலு ஏதும் வந்துதா?" என்று கேட்டார்.

அப்புறம் மதம் என்ன என்றொரு கேள்வி. சேச்சி முந்தின இரவே எச்சரித்திருந்தார், ஒன்றும் சொல்லாதே என்று. கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டண்ட் என்று பதிந்தால் சம்பளத்திலேயே சபை வரி பிடிப்பார்கள், கட்டுகிற வருமான வரியில் இன்னும் 9 சதவீதம் கூடுதலாக. பவேரியா, பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் மட்டும் 8 சதவீதம். நான் கத்தோலிக்கர் என்றே சொன்னேன். எங்கள் ஊரில் மீன் விற்ற காசில் கோயிலுக்குப் பங்கு கொடுத்து வளர்ந்த வீடு, இங்கே வந்து மாமன் மச்சான் தெரியாத ஊரில் முதல் நாளே 'மதம் இல்லை' என்று எழுதிக்கொடுக்க மனசு வரவில்லை. சேச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிறு

கடைகள் எல்லாம் அடைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பது இவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, 1919-இல் எழுதியதை 1949-இல் அப்படியே எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். ரயில் நிலையக் கடைகளும் பேக்கரிகளும் திறந்திருக்கும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலிப் பாட்டில்களைத் தெருவோரக் கண்ணாடித் தொட்டியில் போடவும் கூடாது, சத்தம் வருமாம். அந்தத் தொட்டிகளிலும் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று தனித்தனி. நீலப் பாட்டில் வந்தால் பச்சையில் போட வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் போடாமல் கடையிலுள்ள இயந்திரத்தில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட்.

பூசைக்குப் போனேன். பெரிய கோயில், உள்ளே கை எண்ணிக்கையில் வயதானவர்கள், ஆளுக்கொரு பெஞ்சில். எங்கள் ஊரில் காலை ஐந்து மணிப் பூசைக்கு ஒலிபெருக்கி வைத்து மொத்தக் கடற்கரையையும் எழுப்புவார்கள். முடிந்ததும் யாரும் நின்று பேசவில்லை. குளிர்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

வார்டில் முதல் வாரம்

இதைத்தான் எழுத வேண்டும் என்றிருந்தேன். குளிர், மொழி, சாப்பாடு என்று ஆளாளுக்குப் பயமுறுத்தி அனுப்பினார்களே, வேலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெண்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். நள்ளிரவில் நரம்பு கிடைக்காத நோயாளிக்குக் கூட ஊசிக்குழாய் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே காலை ஆறு மணி ஷிஃப்டில் முதல் வேலை, நோயாளிகளைக் குளிப்பாட்டுவது. துடைத்துவிட்டு, பல் செட்டைக் கழுவிக் கொடுத்து, மலம் கழித்தால் சுத்தம் செய்து, டயப்பர் மாற்றி, காலில் ரத்தம் கட்டாமல் இருக்க இறுக்கமான நீளக் காலுறை மாட்டிவிட வேண்டும். அந்தக் காலுறை இருக்கிறதே, அதை மாட்டிவிட்டு நிமிர்வதற்குள் இடுப்பு போய்விடும். பிறகு காலை உணவைத் தட்டில் கொண்டுபோய், ரொட்டியில் வெண்ணெய் தடவி, துண்டு போட்டு, ஊட்டி விட வேண்டியவர்களுக்கு ஊட்டிவிட வேண்டும். நம்மூரில் இதெல்லாம் ஆயாவும் கூட இருக்கிற சொந்தக்காரர்களும் பார்ப்பது. இங்கே கூட இருப்பவர் என்று ஒருவரே கிடையாது. மகள் வருவாள், பூ வைப்பாள், ஒரு மணி நேரம் உட்காருவாள், போய்விடுவாள். பாசம் இல்லாமல் இல்லை, போகும்போது கண் கலங்கித்தான் போகிறார்கள். ராத்திரி அப்பாவுக்குச் சிறுநீர்க் கோப்பை பிடிப்பது என் வேலை, அவள் வேலை இல்லை என்பதில் மட்டும் அவளுக்கும் சந்தேகமில்லை, மருத்துவமனைக்கும் சந்தேகமில்லை.

சரி, அதைச் செய்துவிடலாம், நர்சிங் முதல் வருடத்தில் படித்ததுதானே. தாங்க முடியாதது மறுபக்கம். ஊசிக்குழாய் போடுவதும் ரத்தம் எடுப்பதும் இந்த வார்டில் டாக்டர் வேலை. மூன்றாம் நாள் ஒரு இளம் டாக்டர், படிப்பு முடித்து வந்து சில மாதம்தான் இருக்கும், ஒரு பாட்டியின் கையில் குத்திக் குத்தி நரம்பு கிடைக்காமல் வியர்த்துக்கொண்டிருந்தார். பாட்டியின் மறு கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன், நரம்பு எனக்குத் தெரிகிறது, மணிக்கட்டுக்கு மேலே, நல்லதாக ஒன்று. தொடக் கூடாது. என் அங்கீகாரம் இன்னும் வரவில்லை. என் படிப்பை இவர்கள் படிப்போடு ஒப்பிட்டு, குறைகிற பகுதிகளைப் பட்டியல் போட்டு ஒரு கடிதம் தந்திருக்கிறார்கள். அதை ஈடுகட்ட ஒன்று பயிற்சிக் காலம் முடிக்க வேண்டும், அல்லது செய்முறையும் வாய்மொழியுமாக ஒரு தேர்வு எழுத வேண்டும். அதுவரை என் சட்டைப் பட்டையில் உதவியாளர் என்றுதான் இருக்கும், சம்பளமும் அந்த அளவுக்குத்தான்.

குறைகிற பகுதி என்ன என்று கேட்டால் முக்கியமாக முதியோர் பராமரிப்பு, மறுவாழ்வு. நியாயம்தான். முதியோர் பராமரிப்பை நம்மூரில் பாடமாக யார் நடத்தினார்கள், வீட்டில் மருமகள்கள் நடத்தினார்கள்.

ஆனால் ஒன்று. உள்மருத்துவப் பிரிவில் பகலில் ஒரு செவிலியருக்குச் சராசரி 10 நோயாளிக்கு மேல் கூடாது, இரவில் 22-க்கு மேல் கூடாது என்று இங்கே அரசு விதி இருக்கிறது. சென்னையில் எங்களுக்கு இருந்த ஒரே விதி, லீவு கேட்காதே என்பது. இரவு 22 பேர் என்பதும் லேசுப்பட்டதல்ல, அத்தனை பேரும் மணி அடித்தால் தெரியும்.

மறு வாரம், புதன்

வார்டு போன். அது அடித்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. நேரில் பேசினால் கை, முகம், கட்டிலில் கிடக்கிற நோயாளி, எல்லாம் சேர்ந்து பாதி அர்த்தம் தந்துவிடும். போனில் ஒன்றும் கிடையாது. ஆய்வகத்திலிருந்து ஒரு குரல், வேகமாக, ஒரு பெயர், ஒரு பொட்டாசியம் அளவு. எண்களை இவர்கள் ஒன்றாம் இடத்தை முதலில் சொல்வார்கள், நாற்பத்தைந்து என்பது 'ஐந்தும் நாற்பதும்'. மருந்து அளவிலும் ரத்தப் பரிசோதனையிலும் இது விளையாட்டுக் காரியமில்லை, அதனால் ஒவ்வொரு எண்ணையும் இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துகிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும்.

பி2 வகுப்பில் படித்த ஜெர்மன் வேறு, இங்குள்ள கிழவர்கள் பேசுகிற ரூர் பகுதி ஜெர்மன், அதாவது இந்த நிலக்கரி ஊர்களின் பேச்சு, வேறு. பல் செட்டைக் கழற்றிவிட்டுப் பேசினால் மூன்றாவது மொழி.

ஒரு தாத்தா இருக்கிறார், நுரையீரல் முழுக்கச் சுரங்கத் தூசு. நோயாளியைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கூடாது, அதனால் பொதுவாகவே சொல்கிறேன். டோர்ட்மண்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான மினிஸ்டர் ஸ்டைன் 1987-இல் மூடியது, நாட்டின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் போட்ராப்பில் மூடியது, ஆனாலும் அவர் வயதுக்காரர்கள் இன்னும் "குளுக் அவுஃப்" என்றுதான் வணக்கம் சொல்கிறார்கள், சுரங்கத்துக்குள் இறங்குபவர்கள் சொல்லிக்கொள்வது. எழுபதுகளிலேயே தன்னை ஒரு இந்திய நர்ஸ் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். இருந்திருக்கும். 1960-களிலிருந்தே கேரளத்துப் பெண்களைக் கத்தோலிக்கச் சபை இங்கே நர்ஸ் வேலைக்கு அழைத்து வந்திருக்கிறது, கொரியாவிலிருந்து ஆண்கள் சுரங்கத்துக்கும் பெண்கள் மருத்துவமனைக்குமாக ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறார்கள். "நீயும் திரும்பிப் போக மாட்டாய்" என்றார். அதை வாழ்த்தாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவருக்கு மாலைச் சாப்பாடு ஐந்தரை மணிக்கு: குளிர்ந்த ரொட்டி, சீஸ், ஒரு ஊறுகாய் வெள்ளரி. நோயாளிக்கு, இந்தக் குளிரில், ஆறிப்போன ரொட்டி! கஞ்சி வைத்துக்கொடுக்கக் கை துடிக்கிறது.

சனி, கடிதங்கள்

ஃப்ராவ் மரியதாசனுக்கு நிறையத் தபால். இந்த நாடு கடிதத்தில் ஓடுகிறது. வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் வேறு நாளில் வேறு உறையில். காப்பீட்டு அட்டைக்குப் போட்டோ கேட்டு ஒன்று. பதினோரு இலக்க வரி எண் வந்துவிட்டது, இது சாகும்வரை மாறாதாம். அப்புறம், வானொலி தொலைக்காட்சிக் கட்டணம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. என்னிடம் டிவி இல்லையே என்றால் அது கணக்கில் வராது, 2013-லிருந்து டிவி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, வீடு இருந்தாலே கட்ட வேண்டும். விடுதி அறைக்கு எப்படி என்று கேட்டு எழுத வேண்டும். கடிதம்தான். சேச்சி ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்கித் தந்து துளையிடும் இயந்திரத்தையும் இரவல் கொடுத்தார். "ஒரு தாளும் கீறிக் களையருது," என்று மலையாளத்தில் ஆணை, ஒரு தாளையும் கிழித்துப் போடாதே என்று.

நம்மூரில் ஒரு அலுவலகத்தில் வேலை ஆகவேண்டுமென்றால் வாசலில் டீக்கடை அண்ணனிடம் கேட்டால் எந்த ஜன்னல், எந்த சார், எப்போது சாப்பிடப் போவார் என்பதுவரை சொல்லிவிடுவார். இங்கே அந்த ஆள் இல்லை. யாரும் விரட்டுவதில்லை, லஞ்சம் கேட்பதில்லை, எல்லாம் தாளில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் அந்தத் தாள் எனக்குத் தேவை என்பதை எந்தத் தாளும் சொல்வதில்லை.

தமிழ்க் கடை

டிராமில் போய்க் கண்டுபிடித்தேன். முருங்கைக்காய், கறிவேப்பிலை, சிவப்பரிசிப் புட்டு மா, யாழ்ப்பாணத்துக் கறித்தூள். மீன் உறைபெட்டியில், பாரை இருந்தது, விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். அப்பா கேட்டால் சிரிப்பார்.

கடைக்கார அக்கா, "பிள்ளை இந்தியாவோ? நர்ஸோ?" என்றார். எப்படித் தெரியும் என்றால், "சப்பாத்தைப் பாத்தாத் தெரியாதே" என்று என் வெள்ளைச் செருப்பைக் காட்டினார். எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்தவர். அப்போது கிழக்கு பெர்லினுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குத் தாண்டினார்களாம் அவரைப் போன்றவர்கள். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டால் வேலை பார்க்கத் தடை, ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி எழுதி வாங்க வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் இருந்த தமக்கையைப் பார்க்கக்கூடத் தாள் வாங்கியிருக்கிறார். "நீங்கள் மொழி படிச்சு, வேலை கையில வச்சுக்கொண்டு வந்தனீங்கள். நாங்கள் வந்து பிறகுதான் எல்லாம்."

அவர் முன்னால் வாயடைத்து நின்றேன் என்பதுதான் உண்மை. ஊசிக்குழாய் துக்கத்தை அவரிடம் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

பக்கத்து ஊர் ஹாமில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-இல் குடமுழுக்கு, கோபுரம் 17 மீட்டர், தேர்த் திருவிழாவுக்குக் கூட்டம் ஆயிரக்கணக்கில் வரும் என்றார். நான் வேதம், அதாவது கிறிஸ்தவம், என்றதும், "அப்ப ஓகஸ்டில கெவலார் மாதாவுக்கு வாங்கோ, நாங்களும் வருவம்" என்றார், அவர் சைவ சமயம். வேளாங்கண்ணி மாதிரி என்று புரிந்துகொண்டேன். கறித்தூளுக்குக் காசு வாங்கினார், கறிவேப்பிலைக்கு வாங்கவில்லை.

டிசம்பர், திங்கள்

சளி, லேசான காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனால் பொறுப்பு நர்ஸ் என்னை உள்ளேயே விடவில்லை. "இதோடு ஏன் வந்தாய்?" என்று கோபம், உண்மையான கோபம். அரை நாள் சம்பளம் போய்விடும் என்று பழகிய உடம்பு இது, அவருக்கு எப்படி விளக்குவது. குடும்ப மருத்துவர் மருந்தே எழுதவில்லை. நிறையத் தேநீர் குடி, படுத்துக்கொள், வெள்ளி வரை வேலைக்குப் போகாதே. விடுப்புச் சான்று கணினி வழியாகக் காப்பீட்டுக்கே போய்விடுமாம். ஒரு ஆண்டிபயாட்டிக்காவது கேட்கலாமா என்று நினைத்தேன், நர்ஸாக இருந்துகொண்டு கேட்க வெட்கமாக இருந்தது.

மணிலாக்காரி இஞ்சி தட்டிப்போட்டு ஏதோ கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள், சேச்சி குருமிளகு ரசம் வைத்தார். தாளித்த புகைக்குப் புகை உணர்வுக் கருவி அலறி, மூன்று பேரும் ஸ்டூல் போட்டு ஏறி அதற்குத் துண்டால் விசிறினோம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

டிசம்பர் 24

கடைகள் மதியம் இரண்டு மணியோடு அடைப்பு. கிறிஸ்துமஸ் சந்தையில் 45 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரம் கட்டியிருக்கிறார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மரங்களை அடுக்கி. அதைப் போன வாரமே பார்த்துவிட்டேன், இன்றைக்கு மாலை ஷிஃப்ட்.

வீட்டுக்கு அனுப்ப முடிந்தவர்களையெல்லாம் அனுப்பியாகிவிட்டதால் வார்டில் பாதி கட்டில் காலி. நரம்பு கிடைக்காமல் தவித்தாரே அந்த இளம் டாக்டர், அவர்தான் டியூட்டி. இன்றும் ஒரு கை, இன்றும் நரம்பு இல்லை. இந்த முறை நான் வாயைத் திறந்தேன்: கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள், வெந்நீர்த் துணி வைப்போம், பட்டையை இன்னும் கொஞ்சம் கீழே கட்டுங்கள், இங்கே தொட்டுப் பாருங்கள். ஒன்றையும் நான் குத்தவில்லை, விதி விதிதான். முதல் குத்திலேயே விழுந்தது. வெளியே வந்து, இதை எங்கே கற்றாய் என்றார். ஐசியு என்றேன். சட்டைப் பட்டையில் உதவியாளர் என்பதை ஒருமுறை பார்த்தார், பிறகு, மார்ச் மாதம் நடக்கிற என் அங்கீகாரத் தேர்வுக்கு வேண்டுமானால் மருந்தியல் கேள்விகள் கேட்டுப் பழக்குகிறேன் என்றார். பதிலுக்கு நரம்பு தேட நான் சொல்லித்தர வேண்டும். ஒப்பந்தம்.

பத்து மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன், ஊரில் விடியற்காலை இரண்டரை, நடுச்சாமப் பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வெடிச் சத்தம். அப்பா போனைப் பிடுங்கி, தபால் பெட்டியில் தன் பெயர் மழையில் அழியாமல் இருக்கிறதா என்று விசாரித்தார். பெட்டி கட்டிடத்துக்குள் இருக்கிறது, நனையாது என்றேன். அடுத்தது மீன் என்ன விலை என்றார். சொல்லவில்லை.

தேர்வு வரை இனி எழுதுவது குறையும். வருகிறவர்களுக்கு ஒன்று: ஆளாளுக்குக் கேட்கிறீர்கள், ஸ்வெட்டரெல்லாம் இங்கேயே வாங்கலாம், குக்கர் கொண்டுவாருங்கள், வேலைச் சான்றிதழ்களில் என்னென்ன வார்டு, எத்தனை மணி நேரம் என்பதைப் பிரித்து எழுதி முத்திரையோடு வாங்கி வாருங்கள். இங்கே வந்தபிறகு அதைக் கேட்டுச் சென்னைக்குப் போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை.